சி.டி.4 எண்ணிக்கையைத் தாண்டி

இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்று 1986-இல் சென்னையில் தெரியவந்தது. கண்டறிந்தவர்கள் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும். அதே ஆண்டில் சுவீடனில் கிளாஸ் கேர் குழுவினர், நம் ரத்தத்தில் சுற்றும் இயற்கைக் கொல்லி செல்கள் யாரைக் கொல்வது என்று எப்படி முடிவெடுக்கின்றன என்பதற்கு விடை கண்டார்கள். ஒரகடம் ஆலை வாசலில் காவலர் அடையாள அட்டையைப் பார்ப்பதுபோல, எதிர்ப்படும் செல்லின் மேல் எச்.எல்.ஏ. புரதம் இருக்கிறதா என்று இவை பார்க்கின்றன. பார்ப்பவை ஏற்பிகள். என்.கே.ஜி.2ஏ போன்றவை ‘விட்டுவிடு’ என்று சொல்ல, என்.கே.பி.46, என்.கே.ஜி.2டி போன்றவை ‘தாக்கு’ என்கின்றன. எச்.ஐ.வி. இதில் கெட்டிக்காரத்தனம் காட்டுகிறது. இன்னொரு வகைக் காவல் செல்களான டி செல்களிடம் தன்னைக் காட்டிக்கொடுக்கும் எச்.எல்.ஏ. ஏ, பி வகைகளை மறைத்துவிட்டு, கொல்லி செல்லைச் சமாதானப்படுத்தும் ஈ வகையை விட்டுவைக்கிறது. தொற்று நாள்பட்டால் தாக்கச் சொல்லும் ஏற்பிகளும் குறைகின்றன. புற்றுக்கட்டியோ மைக்கா என்னும் புரதத்தை உதிர்த்து என்.கே.ஜி.2டி-ஐ மழுங்கடிக்கிறது. ஆக, ஒரே காவலை இரண்டு நோய்களும் பலவீனமாக்குகின்றன.

எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குப் புற்றுநோய் வர சி.டி.4 டி செல்கள் குறைவதுதானே காரணம், எச்.ஐ.வி. மாத்திரையால் அவை ஏறிவிட்டால் கவலை எதற்கு என்று கேட்கலாம். டி செல் இழப்பு பெரிய காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் 2015-இல் வெளியான ‘ஸ்டார்ட்’ ஆய்வில், சி.டி.4 எண்ணிக்கை 500-க்கு மேல் இருந்தபோதே சிகிச்சை தொடங்கியவர்களுக்கு, காத்திருந்தவர்களைவிடப் புற்றுநோய் குறைவாக வந்தது. கொல்லி செல்லே காரணம் என்று அது நிரூபிக்கவில்லை. எண்ணிக்கை நன்றாக இருக்கிறதே என்று சிகிச்சையைத் தள்ளிப்போடுவது தவறு என்பதைக் காட்டியது. தவிர, மாத்திரை வைரஸை அடக்கினாலும் ஏற்பிகள் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிடுவதில்லை.

ஆய்வுக்கூட விஷயம் ஷிப்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு எதற்கு என்பது அடுத்த கேள்வி. ஏற்பிகளை அளக்கச் சொல்லி யாரும் மருத்துவமனைக்கு ஓட வேண்டாம். அது வழக்கமான பரிசோதனையே அல்ல. ‘கொல்லி செல் ஊசி’ என்று விளம்பரம் செய்பவர்களிடம் பணத்தைக் கொடுக்கவும் வேண்டாம். கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைதான் அவசியம். எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கு இந்தப் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஆறு மடங்கு என்கிறது உலக சுகாதார நிறுவனம். மற்றவர்களுக்கு 30 வயதில் தொடங்கும் பரிசோதனையை இவர்களுக்கு 25-லேயே தொடங்கச் சொல்கிறது. ஸ்ரீபெரும்புதூர் விடுதிகளில் தங்கி வேலைக்குப் போகும் பெண்களில் பலர் இந்த வயதை ஒட்டியவர்கள். எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தால் வேலை போய்விடும் என்ற பயம்தான் தடை என்றால், 2017-ஆம் ஆண்டுச் சட்டம் வேலைக்காக எச்.ஐ.வி. பரிசோதனை கேட்பதையும், தொற்றைக் காட்டி வேலைநீக்கம் செய்து பாகுபாடு காட்டுவதையும் தடுக்கிறது. சிகிச்சைக்கு ஒரு பக்கம் தாம்பரம் சானடோரியம் மருத்துவமனை, மறுபக்கம் காஞ்சிபுரம் காரப்பேட்டை அண்ணா புற்றுநோய் மருத்துவமனை, இரண்டும் அரசுடையவை. அரசு மருத்துவமனை நம்பிக்கை மையங்களில் எச்.ஐ.வி. பரிசோதனைக்குக் கட்டணம் இல்லை, முடிவை வெளியே சொல்லவும் மாட்டார்கள். போய்ப் பார்த்துவிடுங்கள்.