வெப்பம் வேறு, வெயில் வேறு: மைசூருவின் சூரிய ஒளியைக் கணக்கிடுவது எப்படி?

மைசூரு: ஒரு நகரை வெயில் மிகுந்தது என வகைப்படுத்த வெப்பநிலை அளவுகோல் ஆகாது. ஆண்டில் எத்தனை மணி நேரம் நேரடி சூரிய ஒளி கிடைக்கிறது என்பதே கணக்கு.

சதுர மீட்டருக்கு 120 வாட்டுக்கு மேல் நேரடிக் கதிர்வீச்சு கிடைக்கும் நேரத்தையே உலக வானிலை அமைப்பு சூரிய ஒளி நேரமாக வரையறுக்கிறது. கண்ணாடிக் கோளம் குவிக்கும் ஒளி, அட்டையில் எரிக்கும் தடத்தின் நீளத்தைக் கொண்டு இதனை அளப்பது பழைய முறை. இப்போது மின்னணு உணரிகளும் பயன்படுகின்றன.

கடல் மட்டத்திலிருந்து சுமார் 770 மீட்டர் உயரத்தில் உள்ள மைசூருவில், ஜனவரி காலை குளிர்ந்திருந்தாலும் வானம் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நிலைமை வேறு. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதி என்பதால் மழை குறைவாகப் பெய்தாலும், பருவமழை மேகங்கள் சூரியனை மறைத்துவிடும். எனவே, மழையற்ற நாளெல்லாம் வெயில் நாள் ஆகிவிடாது.

பிரதமரின் சூரிய வீடு இலவச மின்சாரத் திட்டம் 2024 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. இதன் கீழ் கூரையில் சூரிய மின் தகடு அமைப்போருக்கு இந்த வேறுபாடு முக்கியமானது. மின் உற்பத்திக்குத் தேவை ஒளியே. தகடு அதிகம் சூடானால் அதன் திறன் குறையும். ஆகவே, கோடை மாத ரசீதை மட்டும் பார்க்காமல், மேகமூட்டமான மாதங்களையும் சேர்த்து ஆண்டு முழுமைக்கும் பலனைக் கணக்கிடுவதே சரியாக இருக்கும்.