இரு தூண் வாகன உயர்த்தி

இரு தூண் வாகன உயர்த்தி என்பது, பழுது பார்ப்பவர் வாகனத்தின் அடியில் நின்றபடியே வேலை செய்வதற்காக, மகிழுந்து போன்ற வாகனங்களைத் தரையிலிருந்து உயர்த்தி நிறுத்தும் பணிமனை இயந்திரம் ஆகும். இதனைத் தரையில் பொருத்தும் முறையிலேயே அடியில் நிற்பவரின் உயிர்ப் பாதுகாப்பு பெரிதும் தங்கியுள்ளது.

வரலாறு

தொடக்ககாலப் பணிமனைகளில் தரையில் தோண்டிய பள்ளங்களில் இறங்கியே வாகனங்களைப் பழுது பார்த்தனர். ஐக்கிய அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரைச் சேர்ந்த பீட்டர் லுனாட்டி என்பவர் 1925 ஆம் ஆண்டில் ஹைட்ராலிக் வாகன உயர்த்தியை உருவாக்கினார். தரைக்கு மேல் நிற்கும் தூண் உயர்த்திகள் பிற்காலத்தவை.

அமைப்பு

எதிரெதிரே நிற்கும் இரண்டு எஃகுத் தூண்களில் மேலும் கீழும் நகரும் தாங்கிகள் உள்ளன. ஒவ்வொரு தாங்கியிலிருந்தும் இரண்டு கைகள் நீண்டு வாகனத்தின் அடிச்சட்டத்தைத் தாங்குகின்றன. இரு தாங்கிகளும் ஒரே மட்டத்தில் நகருவதற்குக் கம்பிவடங்கள் உதவுகின்றன. தூண்களில் குறிப்பிட்ட இடைவெளிகளில் இயந்திரப் பூட்டுகள் உள்ளன. வேலை நடக்கும்போது வாகனத்தின் எடையை எண்ணெய் அழுத்தம் அன்றி இப்பூட்டுகளே தாங்க வேண்டும்.

தரையில் செயல்படும் விசை

வாகனத்தின் எடை தூணின் மீது நேராக அன்றி, அதற்கு அப்பால் கைகளின் முனையில் இறங்குகிறது. இதனால் தூண் வாகனத்தை நோக்கிச் சாய முயல்கிறது. எடுத்துக்காட்டாக, 2,000 கிலோகிராம் எடையுள்ள வாகனத்தில் ஒரு தூணுக்கு 1,000 கிலோகிராம் வருகிறது எனக் கொள்வோம். அடித்தட்டின் உள்விளிம்பிலிருந்து கைமுனை 75 செ.மீ. தொலைவிலும், வெளிப்புற ஆணிகள் 40 செ.மீ. தொலைவிலும் இருந்தால், அவ்வாணிகளை மேல்நோக்கி இழுக்கும் விசை, தூணின் சொந்த எடையைக் கருதாவிடில், ஏறத்தாழ 1,900 கிலோகிராம் எடைக்குச் சமம். கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்குமளவிற்கு இழுவிசையைத் தாங்காது. எனவே தரை மெல்லியதாக இருந்தால் ஆணி கான்கிரீட்டைப் பெயர்த்துக்கொண்டு வெளிவரக்கூடும்.

நிறுவும் முறை

1. தரையைச் சோதித்தல்: கான்கிரீட்டின் தடிமனும் வலிமையும் உற்பத்தியாளர் கையேட்டின்படி இருத்தல் வேண்டும். பல கையேடுகள் குறைந்தது 100 மி.மீ. தடிமனையும் 21 மெகாபாஸ்கல் அழுத்த வலிமையையும் கேட்கின்றன. புதிய கான்கிரீட் 28 நாட்கள் இறுக வேண்டும். தார்த்தளம் ஏற்றதன்று.
2. இடம் தேர்தல்: விரிசல்களுக்கும் தள விளிம்புகளுக்கும் அருகில் துளையிடக்கூடாது. தரைக்கடியில் மின்கம்பி, குழாய், இறுக்கிய எஃகு வடம் ஆகியவை இல்லை என உறுதி செய்த பின்னரே துளையிட வேண்டும். கூரையின் உயரத்தையும் அளத்தல் அவசியம்.
3. துளையிடுதல்: கையேடு குறிக்கும் விட்டத்திலும் ஆழத்திலும் துளையிட்டு, தூசியை முழுமையாக அகற்ற வேண்டும். தூசி தங்கினால் ஆணியின் பிடிப்பு குறையும்.
4. செங்குத்தாக்குதல்: ரசமட்டம் கொண்டு தூணைச் சரிபார்த்து, தேவையான இடத்தில் அடித்தட்டின் கீழ் எஃகுத் தகடுகளைச் செருகலாம். மரத்துண்டுகளைப் பயன்படுத்தலாகாது.
5. இறுக்குதல்: ஆங்கர் போல்ட்டுகளை, முறுக்குவிசையை அளந்து காட்டும் ரெஞ்சினால் குறிப்பிட்ட அளவிற்கு இறுக்க வேண்டும். குறித்த அளவை எட்டாமல் சுழன்றுகொண்டே இருக்கும் ஆணி தரையைப் பற்றவில்லை என்பது பொருள். அத்தூணைப் பயன்படுத்தக்கூடாது.

சோதனையும் பராமரிப்பும்

முதலில் எடையின்றி இயக்கி, இருபுறப் பூட்டுகளும் ஒரே நேரத்தில் விழுகின்றனவா எனக் காண வேண்டும். பின்னர் வாகனத்தை ஏற்றி, சக்கரங்கள் தரையை விட்டுச் சற்றே எழுந்ததும் நிறுத்தி, அசைவு உள்ளதா என ஆராய வேண்டும். இச்சோதனையின்போது அடியில் எவரும் நிற்றல் கூடாது. அதன்பின் ஆணிகளின் இறுக்கத்தை மீண்டும் சரிபார்க்க வேண்டும்.

ஐக்கிய அமெரிக்கத் தர விதிகள், தகுதி பெற்ற ஆய்வாளர் ஆண்டிற்கு ஒருமுறையேனும் உயர்த்தியை ஆய்வு செய்ய வேண்டும் என்கின்றன. ஐரோப்பாவில் வாகன உயர்த்திகளுக்கான தரம் இ.என். 1493 ஆகும்.