இரவு நேர விபத்து: விசாரணையும் நாம் செய்ய வேண்டியதும்



நம் எம்.ரெட்டியபட்டி வட்டாரத்தில் ஊர் எல்லையைத் தாண்டினால் பெரும்பாலும் இருட்டுதான். சாலை ஓரம் சீமைக்கருவேலம். அறுவடைக் காலத்தில் பாதி ரோட்டில் சோளம் காயும். சுற்றிலும் கல் வைத்திருப்பார்கள். பின்விளக்கு இல்லாத டிராக்டரும் அதே ரோட்டில்தான் வரும். இரவில் விபத்து நடந்தால், "ஆள் தெரியவே இல்லை" என்பதே ஓட்டுநர் சொல்லும் முதல் பதில்.

அது பல நேரம் உண்மையாகவும் இருக்கும். மணிக்கு 60 கி.மீ. வேகம் என்றால் விநாடிக்குச் சுமார் 17 மீட்டர். டிம் லைட்டில் கருப்பு உடை அணிந்தவர் ஏறத்தாழ 30 மீட்டரில்தான் கண்ணில் படுவார். சுதாரித்து பிரேக்கை மிதிப்பதற்குள் 25 மீட்டர், வண்டி நிற்க இன்னும் 20 மீட்டர். ஆக, 45 மீட்டர் தேவை, இருப்பதோ 30. எதிரே வருபவர் ஹை பீம் போட்டால் கண் கூசி, பார்வை தெளியச் சில விநாடிகள் ஆகும். நடந்து போகிறவருக்கோ வண்டியின் வெளிச்சம் வெகு தூரத்திலேயே தெரிகிறது. அதனால் தன்னையும் ஓட்டுநர் பார்த்துவிட்டார் என்று நினைத்துவிடுகிறார்.

ஆனால் "தெரியவில்லை" என்பதோடு வழக்கு முடிந்துவிடாது. பார்வை எட்டும் தூரத்துக்குள் நிறுத்தக்கூடிய வேகத்தில் ஓட்டினாரா, விளக்கு எரிந்ததா என்று பார்க்க வேண்டும். டயர் தடம், கண்ணாடித் துண்டு, வண்டி நின்ற இடம் ஆகியவை சாட்சிகள். பழைய வகை பல்பின் இழைகூடப் பேசும்: எரியும்போது மோதினால் சூடான இழை நீண்டு வளையும், அணைந்திருந்தால் பெரும்பாலும் ஒடியும். சாலைத் தடயங்களைக் காலைப் போக்குவரத்து அழித்துவிடும். எனவே அன்றிரவே பதிவு செய்ய வேண்டும்.

இதன் மதிப்பை 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கில் காணலாம். நடுரோட்டில் விளக்கின்றி நின்ற கேஸ் டேங்கரில் இரவில் ஒரு கார் மோதியது. எதிர் வண்டி வெளிச்சத்தில் டேங்கர் தெரியவில்லை. கார் ஓட்டியவர் மீதும் பாதித் தவறு என்று உயர் நீதிமன்றம் இழப்பீட்டைக் குறைத்தது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. டேங்கர் நின்ற இடத்தைக் காட்டிய போலீஸ் வரைபடம் அந்தக் குடும்பத்துக்குக் கைகொடுத்தது.

விபத்தைக் கண்டால்:

1. முதலில் 108-ஐ அழையுங்கள். "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டத்தில், பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையிலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை உச்சவரம்புக்குட்பட்டு இலவசம்.

2. உதவியவர் மீது வழக்கு வராது. பெயர் சொல்லக் கட்டாயமும் இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 134ஏ பிரிவு பாதுகாக்கிறது.

3. வண்டிகளை நகர்த்துமுன் போனில் படம் எடுங்கள். பின்னால் வரும் வண்டிகளை எச்சரிக்க ஒருவரை டார்ச்சுடன் தள்ளி நிறுத்துங்கள்.

4. மோதிய வண்டி தெரியாவிட்டாலும் எஃப்.ஐ.ஆர். பதியச் செய்யுங்கள். 1.4.2022 முதல் இத்தகைய விபத்தில் மரணத்துக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50 ஆயிரம் ரூபாய் உண்டு. வண்டி தெரிந்தால் இழப்பீட்டு மனுவை 6 மாதத்துக்குள் போட்டுவிடுங்கள்.

ஃபஜ்ருக்கும், ரமலானில் தராவீஹுக்கும் இருட்டில் நடக்கிறோம். பர்தாவின் நிறத்தை மாற்றச் சொல்லவில்லை. கைப்பையிலும் செருப்பின் பின்புறத்திலும் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டினால் போதும். அசையும் கால் ஓட்டுநர் கண்ணில் சீக்கிரம் படும். நடைபாதை இல்லாத ரோட்டில் வலது ஓரமாக, எதிர்வரும் வண்டியைப் பார்த்து நடங்கள். டிராக்டர் வைத்திருப்போர் பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஒட்டுங்கள். சோளம் காய்ந்ததும் கல்லை அப்புறப்படுத்துங்கள். பாதையில் இடையூறு தருவதை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்திருக்கிறார்கள்.

மனு எழுத உதவி தேவைப்படுவோர் டிரஸ்ட் அலுவலகத்தை அணுகலாம். அல்லாஹ் நம் அனைவரையும் பாதுகாப்பானாக, ஆமீன்.

– செயலாளர்