துயரைத் தாங்கும் ஊர்

நுழையும்முன்

புயல், வெள்ளம், நிலநடுக்கம், ஆழிப்பேரலை ஆகியன வீடுகளை இடிப்பதோடு மக்களின் மனத்தையும் உலுக்கிவிடுகின்றன. இடிந்த சுவரைச் சில மாதங்களில் எழுப்பிவிடலாம். கலங்கிய மனம் தேறுவதற்குப் பல ஆண்டுகள் ஆகலாம். துயரைத் தாங்கும் வலிமையை ஓர் ஊர் எவ்வாறு பெறுகிறது என்பதை இப்பாடத்தில் அறிவோம்.

ஆழிப்பேரலை

2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. இந்தோனேசியாவின் சுமத்ரா தீவை அடுத்த கடலடியில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. அதனால் எழுந்த ஆழிப்பேரலை அன்று காலையிலேயே தமிழகக் கடற்கரையைத் தாக்கியது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

வருமுன் காத்தல்

புதுச்சேரியை அடுத்த நல்லவாடு மீனவர் சிற்றூர். அங்கு எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் தகவல் மையம் முன்பே செயற்பட்டு வந்தது. வானிலை, அலையின் உயரம் முதலிய செய்திகள் ஒலிபெருக்கி வழியாக மக்களுக்கு அறிவிக்கப்பட்டன. ஆழிப்பேரலை எழுந்த அன்று, சிங்கப்பூரில் பணிபுரிந்த அவ்வூர் இளைஞர் ஒருவர் செய்தியறிந்து தம் வீட்டிற்குத் தொலைபேசியில் எச்சரிக்கை விடுத்தார். உடனே ஒலிபெருக்கி முழங்கியது. மக்கள் மேட்டுப்பகுதிக்கு விரைந்து உயிர் தப்பினர். பிழைப்பிற்காக அயலூர் சென்றவரும் தம் ஊரைக் காக்க இயலும் என்பதற்கு இது சான்று.

சுமத்ராவுக்கு அருகிலுள்ள சிமிலுவே தீவில் 1907 ஆம் ஆண்டிலேயே ஓர் ஆழிப்பேரலை பேரழிவை ஏற்படுத்தியது. அத்தீவினர் அதனைக் கதையாகவும் தாலாட்டாகவும் தம் மக்களுக்குச் சொல்லி வந்தனர். "நிலம் நடுங்கிக் கடல் உள்வாங்கினால் மலைக்கு ஓடு" என்பதே அதன் சாரம். 2004-இல் அத்தீவில் வாழ்ந்த ஏறத்தாழ 78,000 பேரில் 7 பேர் மட்டுமே உயிரிழந்தனர்.

செய்வதறியாத நிலையே அச்சத்தைப் பெருக்குகிறது. என்ன செய்ய வேண்டும், யாரை அழைக்க வேண்டும் என்பதை முன்பே அறிந்த ஊர் எளிதில் கலங்குவதில்லை.

வந்தபின் தேற்றுதல்

பேரிடருக்குப் பின் பலருக்கு உறக்கம் கெடும். சிறுவர் சிலர் கடலைக் கண்டாலே அஞ்சுவர். தாயை விட்டு நீங்க மறுப்பர். இது கோழைத்தனம் அன்று. இயல்புக்கு மாறான நிகழ்வுக்கு மனம் காட்டும் இயல்பான எதிர்வினையே ஆகும்.

நம் பெங்களூருவின் ஓசூர் சாலையில் உள்ள நிம்ஹான்ஸ் எனும் தேசிய மனநல நிறுவனம், 1984 போபால் நச்சுவாயு விபத்து, 1993 லாத்தூர் நிலநடுக்கம், 2001 குஜராத் நிலநடுக்கம் ஆகியவற்றால் பாதிக்கப்பட்டோரிடையே பணியாற்றியது. அப்பட்டறிவோடு ஆழிப்பேரலையின் பின்னரும் தமிழகத்தில் தொண்டாற்றியது. ஊர்தோறும் மனநல மருத்துவரை அமர்த்துதல் அரிது. எனவே, தன்னார்வலர்கள், ஆசிரியர்கள் முதலியோருக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது. அவர்கள் வீடுவீடாகச் சென்று துயருற்றோர் சொல்வதைப் பொறுமையுடன் கேட்டனர். சிறுவர்கள் விளையாட்டு, ஓவியம், கதை வழியாகத் தம் அச்சத்தை வெளிப்படுத்தினர்.

உலக நலவாழ்வு நிறுவனம் இத்தகைய முதலுதவியை 'பார், கேள், இணை' என மூன்றாக வகுக்கிறது. யாருக்கு உதவி தேவை எனப் பார்த்தல், அவர் சொல்வதைக் கேட்டல், உறவினரோடும் மருத்துவரோடும் அவரை இணைத்தல் என்பன அவை.

நெடுங்காலம் கழித்து

உதவிப் பொருள்கள் சில மாதங்கள் வரும், செய்தியாளர்களும் சென்றுவிடுவர். இழப்பின் வலியோ நீடிக்கும். இன்றும் ஆண்டுதோறும் டிசம்பர் 26 அன்று கடலோர மக்கள் கடலில் மலர் தூவிப் பால் ஊற்றி, மறைந்தோரை நினைவுகூர்கின்றனர். தனித்து அழுத துயரம் அன்று ஊரின் துயரமாகிறது. அன்று பிறந்திராத சிறுவரும் அக்கதையைக் கேட்கின்றனர். சிமிலுவே தீவினரைக் காத்ததும் இவ்வாறு கேட்ட கதையே. ஒரு பேரிடரின் நினைவு, அடுத்த பேரிடருக்கான ஆயத்தமாகிறது.

நாம் செய்யத்தக்கவை

பெங்களூருவில் கடல் இல்லை. ஆயினும் 2022 செப்டம்பரில் பெய்த பெருமழையில் குடியிருப்புகள் பல நீரில் மூழ்கின. மக்களைப் படகுகளிலும் டிராக்டர்களிலும் மீட்டனர். எனவே, அண்டை வீட்டாரை இன்றே அறிந்துகொள்வோம். தனித்து வாழும் முதியோர் எவ்வீட்டில் உள்ளனர் என அறிவோம். சொந்த ஊரிலுள்ள தாத்தா பாட்டியிடம் அவர்கள் கண்ட புயல், வெள்ளம் பற்றிக் கேட்போம். மனம் பெரிதும் சோர்ந்தால் பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ தயங்காது கூறுவோம். 14416 என்னும் டெலி மானஸ் அரசு உதவி எண்ணிலும் பேசலாம்.

சொல்லும் பொருளும்

ஆழிப்பேரலை – சுனாமி
பட்டறிவு – அனுபவம்
ஆயத்தம் – முன்னேற்பாடு
தேற்றுதல் – ஆறுதல் அளித்தல்

பயிற்சி

1. நல்லவாடு மக்கள் உயிர் தப்பியது எவ்வாறு?
2. 'பார், கேள், இணை' – விளக்குக.
3. உம் சொந்த ஊர் கண்ட ஒரு பேரிடர் பற்றி வீட்டுப் பெரியோரிடம் கேட்டுப் பத்து வரிகளில் எழுதுக.