வண்டியில் வயர்லெஸ்: திறன் கருவியில் பாதி, ஏரியலில் மீதி

2018-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பு மேலணையில் கொள்ளிடம் பக்கத்து மதகுகளில் ஒன்பது அடித்துச் செல்லப்பட்டன. அதற்கு மூன்று மாதம்கூட ஆகாத நிலையில், நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தது. டெல்டா மாவட்டங்களில் மின்கம்பங்கள் சாய்ந்தன. செல்போன் கோபுரங்கள் ஓய்ந்தன. பக்கத்து ஊரில் இருக்கும் மகன் உயிரோடு இருக்கிறானா என்று அறியப் பெற்றோர் நடந்தே போக வேண்டியிருந்தது.

கொள்ளிடத்தின் வடகரையில் உள்ள திருமானூர் வட்டாரத்து விவசாயிகளுக்கு இது புரியாத சங்கதி அல்ல. ஆற்றில் தண்ணீர் ஏறும் இரவில் மாட்டை அவிழ்ப்பதா, மோட்டாரைக் கழற்றுவதா, குழந்தைகளை டிராக்டரில் ஏற்றுவதா என்ற முடிவுக்கு நேரம் மிகக் குறைவு. கரையோரச் சிற்றூரில் நிற்கும் டிராக்டர், மேட்டில் உள்ள ஊரோடு பேச முடிந்தால் அந்த நேரம் வீணாகாது. செல்போன் கோபுரம் இல்லாமலே வண்டிக்கு வண்டி நேரே பேசக் கூடியது இருவழி வயர்லெஸ் கருவி. காவல் துறையும் வெள்ள மீட்புப் படையும் இதையே நம்புகின்றன.

இது இன்று நேற்று வந்த விஷயம் அல்ல. காவல் வண்டியில் இருவழி வயர்லெஸ் 1933-லேயே அமெரிக்காவின் பேயோன் நகரில் ஓடியது. அதற்கும் முன்னால், 1929-இல், ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் நகரைச் சேர்ந்த ஆல்பிரட் டிரேகர் என்ற பொறியாளர், மின்சாரமே இல்லாத தொலைதூரப் பண்ணை வீடுகளுக்காகக் காலால் மிதித்து இயக்கும் வயர்லெஸ் கருவியைச் செய்து கொடுத்தார். பறக்கும் மருத்துவரை அழைக்க அது உதவியது. இன்றும் அந்நாட்டில் அறுவடை இயந்திரம், டிராக்டர், தானிய லாரி எல்லாவற்றிலும் இத்தகைய கருவி இருப்பது சாதாரணம். நம் பக்கத்திலோ 2004 சுனாமியின்போது போர்ட் பிளேரில் இருந்த அமெச்சூர் ரேடியோ இயக்குநர் பாரதி பிரசாத்தும் அவர் குழுவினரும் அந்தமானிலிருந்து சேதி அனுப்பிக் கொண்டிருந்தது பலருக்கு நினைவிருக்கும்.

ஆனால் கருவி வாங்கியவர்கள் பலர் சொல்லும் குறை ஒன்றுண்டு. "கடையில் பத்து கிலோமீட்டர் என்றார்கள், ஊர் எல்லை தாண்டினால் கேட்கவில்லை" என்பார்கள். உடனே இன்னும் அதிக வாட் உள்ள கருவியைத் தேடுவார்கள். பணம் விரயம். குறை பெரும்பாலும் கருவியில் இல்லை; ஏரியலிலும் அதைப் பொருத்திய இடத்திலும் இருக்கிறது. ஆன்டெனா என்று இன்று பலரும் சொல்வதும் இதைத்தான். வாட்டைக் கூட்டினால் நம் குரல் தூரம் போகும். அடுத்தவர் குரல் நமக்குக் கேட்க அது உதவாது. உரக்கக் கத்துகிறவனுக்குக் காது கூர்மையாகி விடுவதில்லை. நல்ல ஏரியலோ பேசவும் உதவும், கேட்கவும் உதவும்.

முதலில் உரிமம்

வயர்லெஸ் கருவியை நினைத்தபடி வாங்கிப் பேச இயலாது. 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் வேலை செய்யும் குறைந்த திறன் கருவிகளுக்கு உரிமம் தேவையில்லை என விலக்கு உண்டு. வயலில் அறுவடை இயந்திரமும் டிரெய்லரும் பேசிக் கொள்ள இது போதும். ஆனால் அதில் பெரிய ஏரியல் மாட்டித் திறனைக் கூட்ட முனைந்தால் விலக்கு பொருந்தாமல் போய்விடும். கருவியோடு வந்த ஏரியலோடு விட்டுவிடுவதே முறை. அலைவரிசை விவரமே சொல்லாமல் வாக்கி டாக்கி விற்ற இணைய விற்பனை நிலையங்களுக்கு 2025-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. பெட்டியின் மேல் அலைவரிசை எழுதப்படாத கருவியைத் தொடாதிருப்பது நலம்.

வண்டியில் வெளி ஏரியலோடு அதிகத் தூரம் பேச விரும்புவோருக்கு அமெச்சூர் உரிமம் ஒரு வழி. 12 வயது நிரம்பிய எவரும் தேர்வு எழுதி, மத்திய தொலைத்தொடர்புத் துறையிடமிருந்து இதைப் பெறலாம். ஊரில் படித்த இளைஞர் இருவர் மூவர் எழுதினாலே போதும். இந்த உரிமத்தில் தொழில் பேசக் கூடாது. நெல் விலை கேட்பதற்கும், நடவுக்கு ஆள் கூப்பிடுவதற்கும் அது ஆகாது. வெள்ளம், புயல் போன்ற ஆபத்துக் காலத்தில் உதவுவதற்கோ அதைப் போல் வேறு இல்லை. இவர்களுக்குரிய 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையை வைத்தே கீழ்க்கண்ட அளவுகள் சொல்லப்படுகின்றன.

நீளம் எவ்வளவு?

ஏரியலின் நீளம் நம் விருப்பம் அல்ல. அலைவரிசை அதை முடிவு செய்கிறது. 300-ஐ மெகாஹெர்ட்ஸ் எண்ணால் வகுத்தால் அலையின் நீளம் மீட்டரில் கிடைக்கும். 145-க்கு இது ஏறத்தாழ 2 மீட்டர். அதில் கால் பங்கு, அதாவது சுமார் 50 சென்டிமீட்டர், ஒரு சாதாரணக் கம்பி ஏரியலுக்குப் போதும். வெளிநாட்டு லாரிக்காரர்கள் பயன்படுத்தும் 27 மெகாஹெர்ட்ஸில் இதே கால் பங்கு 2.7 மீட்டருக்கு மேல் வரும். டிராக்டர் டாப்பின் மேல் அவ்வளவு உயரக் கம்பியை நிறுத்திக் கொண்டு, தொய்ந்து தொங்கும் மின்கம்பிகளுக்குக் கீழே தெருவில் ஓட்டுவது ஆளைக் கொல்லும் காரியம்.

கால் பங்குக்குப் பதிலாக எட்டில் ஐந்து பங்கு நீள ஏரியலும் கடையில் கிடைக்கும். இது சுமார் 1.3 மீட்டர் உயரம், அடியில் ஒரு சிறு சுருள் இருக்கும். அலையை வானத்தை நோக்கிச் சிதறவிடாமல் தரையோடு ஒட்டி அனுப்பும். கொள்ளிடக் கரை போன்ற சமவெளிக்கு இது நன்று. ஆனால் புளிய மரமும் மூங்கில் புதரும் நெருங்கிய வண்டிப் பாதையில் தினமும் போகும் டிராக்டருக்கு இது நிற்காது. ஒரு மாதத்தில் வளைந்துவிடும். அத்தகையோருக்கு 50 சென்டிமீட்டர் கம்பியே சிறந்தது. ஒடிந்தாலும் மாற்றுக் கம்பி மலிவு. ரப்பர் உறை போட்ட, விரல் நீளக் குட்டை ஏரியல்கள் பார்க்க அழகாக இருக்கும். இந்த அலைவரிசையில் அவை திறனை வீணாக்குபவை, வாங்க வேண்டாம்.

எங்கே பொருத்துவது?

இதுதான் முக்கியம். கால் பங்கு ஏரியல் என்பது பாதி ஏரியல்தான். மறு பாதி, அதற்குக் கீழே விரிந்திருக்கும் இரும்புத் தகடு. கம்பியைச் சுற்றிலும் எல்லாப் பக்கமும் அரை மீட்டராவது தகடு இருக்க வேண்டும். ஆகவே ஜீப், வேன், குட்டி யானை போன்ற வண்டிகளில் கூரையின் நடு மையமே சரியான இடம். ஓரத்தில் பொருத்தினால், தகடு அதிகமாக உள்ள திசையில் நன்றாகவும் மறு திசையில் மோசமாகவும் கேட்கும். பின்பக்க இடது மட்கார்டில் வைத்தால் வலப்புற முன் திசையில் குரல் போகும். பின்னால் நிற்பவருக்குக் குறையும். பம்பரில் மாட்டுவது அதனினும் மட்டம். அங்கே வண்டியின் உடலே அலையை மறைத்துவிடும்.

டிராக்டரில் ஒரு தொல்லை உண்டு. பல டிராக்டர்களின் டாப் பைபர் அல்லது தார்ப்பாய். தகடு என்று நினைத்து அதன்மேல் ஏரியலை நிறுத்துவோர் ஏமாறுவார்கள். பழைய ஸ்பீக்கரின் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் பைபர் அல்லது அலுமினியம். அலுமினியத் தகடும் ஏரியலுக்கு ஆகும், காந்த அடி மட்டும் நிற்காது. பைபர் டாப் உள்ளவர்கள் இரண்டு வழிகளில் ஒன்றைக் கொள்ளலாம். டாப்பின் உட்புறம் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் மெல்லிய தகட்டைப் பதித்து அதன் நடுவே பொருத்துவது ஒன்று. அடித்தகடு வேண்டாத அரைப் பங்கு ஏரியலை, சுமார் ஒரு மீட்டர் நீளம் உள்ளதை, டாப்பைத் தாங்கும் தூணில் கிளாம்ப் போட்டு மாட்டுவது மற்றொன்று. கையில் உள்ள ஊர்த் தச்சர், வெல்டர் இருவரில் யார் என்பதைப் பொறுத்தது அது.

உயரம் எவ்வளவு உதவும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. தரைக்கு மேல் 2 மீட்டர் உயரத்தில் ஏரியல் இருந்தால், அதன் பங்குக்கு எட்டும் தூரம் ஏறத்தாழ 6 கிலோமீட்டர். 16 மீட்டரில் இருந்தால் 16 கிலோமீட்டர். இரு முனைகளின் பங்கையும் கூட்டிக் கொள்ள வேண்டும். ஆக, இரண்டு ஜீப்புகள் தங்களுக்குள் சுமார் 12 கிலோமீட்டர் பேசும். ஒரு முனை நீர்த்தேக்கத் தொட்டி உயரத்தில் இருந்தால் 22 கிலோமீட்டர். திருமானூரிலிருந்து அரியலூர் சாலை வழியாகச் சுமார் 25 கிலோமீட்டர். அரியலூர்ப் பக்கம் நிலம் மேடானது. ஆற்றங்கரைச் சிற்றூர்கள் பள்ளத்தில் உள்ளன. எனவே மேட்டில் உள்ள முனையை உயர்த்தினால் எட்டும். கரையில் உள்ள வண்டியில் வாட்டைக் கூட்டிப் பயன் இல்லை. தோப்பும் கரும்பும் நடுவே வந்தால் இந்தக் கணக்கில் கணிசமாகக் குறையும், இலை நனைந்திருந்தால் இன்னும் குறையும்.

காந்த அடியா, துளையா?

கூரையில் ஓட்டை போட மனம் வராது. காந்த அடியைப் பலரும் விரும்புவது அதனால்தான். அவசரத்துக்கு ஒரு வண்டியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றவும் உதவும். ஆனால் வைக்கும் முன் காந்தத்தையும் கூரையையும் துடைப்பது அவசியம். நடுவே மண் இருந்தால் பெயிண்ட் போகும், பிடிப்பும் குறையும். கேபிளைக் கதவிடுக்கில் நசுக்குவதே இதில் நடக்கும் பெரிய கேடு. நசுங்கிய இடத்தில் மழைநீர் புகுந்து, ஒரு பருவத்துக்குள் உள்ளே பச்சைப் பாசி பிடித்ததுபோல் செம்பு அரித்துவிடும். நிலையாக ஓரிடத்தில் இருக்கும் வண்டிக்குத் துளை போட்டுப் பொருத்துவதே மேல். துளையைச் சுற்றி உட்புறப் பெயிண்டைச் சுரண்டி, இரும்போடு இரும்பு தொடும்படி இறுக்க வேண்டும். பெயிண்ட் மேலேயே மாட்டினால் அடித்தகடு கிடைக்காது. பிறகு மேலே ரப்பர் வாஷரும் சிலிகான் பசையும் வைத்தால் துரு ஏறாது.

கேபிள் விஷயத்தில் சிக்கனம் கூடாது. டி.வி. டிஷ் கேபிள் வீட்டில் மிச்சம் கிடக்கிறது என்று அதைப் போடுவோர் உண்டு. அது 75 ஓம். வயர்லெஸுக்கு வேண்டியது 50 ஓம். ஆர்.ஜி.58 என்ற கேபிள் எங்கும் கிடைக்கும். ஐந்து மீட்டர் ஓடினால் ஐந்தில் ஒரு பங்கு திறன் வழியிலேயே போய்விடும், நீளமில்லாத கேபிளே நல்ல கேபிள். மீதியைச் சுருட்டிச் சீட்டுக்கு அடியில் தள்ளாமல் வெட்டி இணைப்பது உத்தமம்.

அளந்து பார்த்தல்

பொருத்திய பிறகு எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரால் அளக்க வேண்டும். ஏரியலுக்குப் போன திறனில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதை இது காட்டும். 1.5-க்குள் இருந்தால் நன்று. 4 விழுக்காடுதான் திரும்பும். 2 என்றால் 11 விழுக்காடு. 3 என்றால் கால் பங்கு திரும்பிக் கருவியைச் சூடாக்கும். அந்த நிலையில் பேசக் கூடாது. அலைவரிசையின் கீழ் முனையில் அளவு நன்றாகவும் மேல் முனையில் மோசமாகவும் இருந்தால் கம்பி நீளம். அரை சென்டிமீட்டராக வெட்டி, வெட்டி அளக்க வேண்டும். வெட்டியதை ஒட்ட முடியாது. ஏரியல் மாட்டாமல் பட்டனை அழுத்துவது கருவியைப் பாழாக்கும் என்பதைச் சிறுவர்களிடமும் சொல்லி வைக்க வேண்டும்.

மின்சாரம் நேரே பேட்டரியிலிருந்து வர வேண்டும், இரு கம்பியிலும் பேட்டரி அருகே பியூஸ் போட்டு. 50 வாட் கருவி பேசும்போது 10 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். லைட் ஒயரில் ஒட்டுப் போட்டால் ஒயர் உருகும். டீசல் இஞ்சினில் பொறிச்சொருகி இல்லாததால் டிராக்டரில் அந்த இரைச்சல் இராது. ஆனால் மலிவான எல்.இ.டி. விளக்குகள் தொல்லை தருவதுண்டு. விளக்கை அணைத்தால் இரைச்சல் நின்றுவிட்டால் குற்றவாளி அதுவே. பேசும்போது ஏரியலுக்கு ஒரு மீட்டருக்குள் எவரும் உட்காரக் கூடாது. மீட்பு நேரத்தில் டிராக்டர் நிறைய ஆட்கள் ஏறுவார்கள். இது ஒன்றே கூரை உச்சியை விரும்ப இன்னொரு காரணம். இடி மின்னல் வேளையில் வண்டியை மேட்டில் நிறுத்திப் பேச வேண்டாம்.

கொள்ளிடத்தில் பெருக்கு பெரும்பாலும் ஆடி, ஆவணியில் மேட்டூரிலிருந்தும், மறுபடி ஐப்பசி, கார்த்திகை மழையிலும் வரும். ஆனியிலேயே ஒரு நாள், கரையோரமாகத் திருமழபாடி வரை வண்டியை ஓட்டி, ஒவ்வொரு மைல் கல்லிலும் ஊரோடு பேசிப் பார்க்கலாம். எங்கே கேட்டது, எங்கே அறுந்தது, பத்து அடி முன்னால் நகர்ந்தால் மீண்டதா என்பதை ஒரு தாளில் எழுதி, ஓட்டுநர் கண்ணில் படும்படி கேபினில் ஒட்டி வைக்கலாம். ஐப்பசியில் கரும்பு உயர்ந்து மழையில் நனைந்த பிறகு அதே இடங்களில் இன்னொரு முறை போய் வந்தால், தாளில் சில வரிகள் மாறும்.