சிற்றூரின் ஜனக்கணக்கைப் படித்தறியும் விதம்

சர்க்கார் ஜனக்கணக்கில் ஒவ்வொரு கிராமத்திற்கும் ஒரு வரி உண்டு. குடும்பங்கள், ஆண்கள், பெண்கள், ஆறு வயது வரையுள்ள குழந்தைகள், எழுத்தறிந்தோர், தொழில் செய்வோர் ஆகிய தொகைகள் அதில் அடங்கும். பால் சங்கம் தொடங்கவோ, புதிய அங்கத்தினரைச் சேர்க்கவோ எண்ணும் ஐக்கிய சங்கத்தார் இவ்வரியை நாடுவது இயல்பே. எனினும், எண்ணிய முறையை அறியாது இலக்கங்களை மட்டும் நோக்குவோர் தவறான முடிவிற்கு வருதல் கூடும்.

முதலாவது, கணக்கில் கிராமம் என்பது ரெவினியூ கிராமமேயாகும். நாம் தனித்தனி ஊர்களாகக் கருதும் பல குக்கிராமங்கள் அதனுள் ஒன்றாய் அடங்கியிருக்கலாம். குடும்பம் என்பதும் வீட்டைக் கொண்டன்று, அடுப்பைக் கொண்டே எண்ணப்படுகிறது. ஒரே கூரையின்கீழ் உலை வேறாக வைக்கும் சகோதரர் இருவர் இரண்டு குடும்பத்தினராவர்.

412 பேருள்ள ஒரு சிற்றூரை உதாரணமாகக் கொள்வோம். குழந்தைகள் 40, எழுத்தறிந்தோர் 279. ஏழு வயது நிரம்பாதோரை எழுத்தறிவுக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆதலால் 279ஐ 372ஆல் வகுக்கவேண்டும். விகிதம் நூற்றுக்கு 75 ஆகும். 412ஆல் வகுப்போர் 68 என்று கண்டு, பள்ளிக்கூடத்தின்மேல் வீண்பழி சுமத்துவர்.

அந்த 40 குழந்தைகளில் ஆண் 22, பெண் 18 எனின், ஆயிரம் ஆணுக்குப் பெண் 818 ஆகிறது. இது கேட்போரை நடுங்கச்செய்யும் எண். ஆயினும் இன்னும் இரண்டு பெண் குழந்தைகள் இருந்திருப்பின் அதுவே 909 ஆகியிருக்கும். ஆகையால் ஓர் ஊரின் எண்ணை மட்டும் கொண்டு எவரையும் குற்றஞ்சாட்டலாகாது. தாலுக்கா முழுவதையும் சேர்த்துப் பார்த்தல் வேண்டும். பெருந்தொகையில் காணும் குறைவோ தற்செயலானதன்று. தமிழ்நாட்டில் இவ்விகிதம் 1991இல் 948, 2001இல் 942, 2011இல் 943. இந்தியா முழுவதிலும் 1991இல் 945ஆக இருந்தது 2001இல் 927ஆகக் குறைந்தது. சேலம் ஜில்லாவில் பெண் சிசுக்களைக் காக்கும்பொருட்டு 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் ஏற்பட்டதன் காரணத்தை நம்மவர் அறிவர்.

பெரியவர்களின் விகிதத்தை வேறு விதமாய் நோக்கவேண்டும். 2011ஆம் வருஷக் கணக்கு பிப்ரவரி 9 முதல் 28 வரை எடுக்கப்பட்டது. அந்நாட்கள் முழுவதும் செங்கற்சூளைக்கோ, திருப்பூருக்கோ சென்றிருந்தவர்கள் தங்கள் ஊர்க்கணக்கில் சேரார். ஆண்களைக்காட்டிலும் பெண்கள் மிகுந்திருப்பதாகக் காணும் ஊரில், பிழைப்பைத் தேடி ஆண்கள் வெளியேறினரா என்று விசாரிப்பதே முறை.

மிகுதியும் பிழை நேரும் இடம் தொழிற்கணக்கு. வருஷத்தில் ஆறு மாதமோ அதற்கு மேலோ உழைத்தவர் முழுத் தொழிலாளர். குறைவாக உழைத்தவர் குறுந்தொழிலாளர். கறந்த பால் வீட்டுச் செலவிற்கே ஆயினும், பால் உற்பத்தி தொழிலே என்பது 2001, 2011 ஆகிய இரு கணக்குகளின் விதி. ஆனால் கணக்கெடுப்பவர் வாசலில் நின்று, "வீட்டுப் பெண்கள் ஏதேனும் வேலை செய்கிறார்களா?" என வினவ, வீட்டுத்தலைவர் "ஒன்றுமில்லை" என்று விடை கூறிவிடுகிறார். வைகறையில் எழுந்து மாட்டிற்குப் புல்லறுத்து, பால் கறந்து, சாணம் அள்ளியவளின் உழைப்பு அந்த ஒரு சொல்லால் ஏட்டினின்றும் மறைகிறது! கறவைக் கடனுக்கு விண்ணப்பிக்கும்போது அவளைத் தொழிலற்றவள் என்று பிறர் கூற இடமும் உண்டாகிறது.

2021இல் நடக்கவேண்டிய கணக்கு தொற்றுநோயை முன்னிட்டு ஒத்திவைக்கப்பட்டது. 2027 மார்ச்சு 1ஆம் தேதியைக் குறிப்பு நாளாகக் கொண்டு அடுத்த கணக்கு நடைபெறுமென 2025இல் அறிவிப்பு வெளியாயிற்று. கணக்கெடுப்பவர் வரும்போது மாடு பராமரிக்கும் பெண்களையே முன்னிறுத்தி விடை கூறச்செய்யுமாறு சங்கத்தார் வீடுதோறும் சொல்லிவைத்தல் நலம்.