நிற்கும் பணியும் நம் கால்களும்

நாளொன்றுக்கு ஐந்தாறு பாடவேளைகள் நின்றபடியே கற்பிக்கிறோம். மாலையில் கால் கனக்கிறது, கணுக்கால் வீங்குகிறது, இடுப்பு பிடித்துக்கொள்கிறது. ஆசிரியர் அறையில் இதைச் சொன்னால், “வயசாகுது இல்லையா டீச்சர்?” என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும். மறுபக்கம், “தையல் இல்லை, தழும்பு இல்லை” என்று விளம்பரங்கள் அழைக்கின்றன. ஒரு தரப்பு வலியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்கிறது; மறுதரப்பு உடனே சிகிச்சைக்கு வரச் சொல்கிறது.

ஊத்தங்கரைப் பகுதியில் அறிவியல் ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். என் இடக்காலுக்கு நுண்துளைச் சிகிச்சை செய்துகொண்டேன், பலன் கிடைத்தது. ஆனால் கால், முதுகு, மூட்டு ஆகிய மூன்றுக்கும் அது ஒரே அளவில் பொருந்தாது. எங்கே உதவும், எங்கே காத்திருக்கலாம் என்பதை ஆசிரியர்கள் தெரிந்துகொள்வது நல்லது.

கால்: சுருள்சிரை

நம் பக்கத்தில் இதை ‘நரம்பு சுருட்டல்’ என்பார்கள். உண்மையில் பாதிக்கப்படுவது நரம்பு அல்ல, இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுசெல்லும் சிரை. பாதத்திலிருந்து இரத்தம் புவியீர்ப்பை எதிர்த்து மேலேற வேண்டும். நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கிச் சிரைகளை அழுத்தி இரத்தத்தை மேலே தள்ளுகிறது. சிரைக்குள் இருக்கும் ஒருவழி வால்வுகள் அது கீழிறங்காமல் தடுக்கின்றன. அசையாமல் நின்றால் இந்தப் பம்பு ஓய்ந்துவிடும். வால்வு பழுதானால் இரத்தம் தேங்கி, தோலடிச் சிரை புடைத்து நெளியும். பரம்பரை, மகப்பேறு, உடல் எடை, நெடுநேரம் நிற்பது ஆகியவை இதற்கான வாய்ப்பைக் கூட்டுகின்றன.

அசதியோடு இது நின்றுவிடுவதில்லை. கவனிக்காமல் விட்டால் கணுக்காலின் உட்புறத் தோல் கருத்து, அரிப்பெடுத்து, சிலருக்கு எளிதில் ஆறாத புண்ணாகிவிடும். எந்த வால்வு பழுது என்பதை டாப்ளர் ஸ்கேன் காட்டிவிடும். ஊசி, வலி எதுவும் இல்லாத பரிசோதனை அது.

முன்பெல்லாம் தொடை இடுக்கில் கீறி, பழுதான சிரையை உருவி எடுப்பார்கள். இப்போது ஸ்கேனில் பார்த்தபடியே ஊசித்துளை வழியாக மெல்லிய இழையைச் செலுத்தி, லேசர் அல்லது ரேடியோ அலை வெப்பத்தால் அந்தச் சிரையை உள்ளிருந்தே மூடிவிடுகிறார்கள். இரத்தம் ஆழ்சிரைகள் வழியே போய்விடும். இங்கிலாந்தின் ‘நைஸ்’ நிறுவனம் 2013இல் வெளியிட்ட வழிகாட்டுதல், தகுதியானவர்களுக்கு வெப்பச் சிகிச்சையை முதலாவதாகவும், நுரைமருந்து ஊசியை அடுத்ததாகவும், அறுவையை மூன்றாவதாகவும் வைக்கிறது. எனக்குக் கால் மரக்க மட்டும் ஊசி போட்டார்கள், அன்றே நடந்தேன். பிறகு சில வாரங்கள் அழுத்தக் காலுறை அணிந்தேன். இனி வரவே வராது என்று யாரும் உறுதி தர முடியாது; வேறொரு சிரையில் மீண்டும் வரலாம்.

ஒரே காலில் திடீரென வலியும் வீக்கமும் வந்தால் அது ஆழ்சிரையில் இரத்தக்கட்டாக இருக்கலாம். எண்ணெய் தேய்த்து நீவிவிடாமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

முதுகு: பெரும்பாலும் பொறுத்திருக்கலாம்

முதுகெலும்புகளுக்கு இடையே உள்ள வட்டு பிதுங்கி நரம்பை அழுத்தினால், இடுப்பிலிருந்து கால்வரை வலி மின்னல்போல் இறங்கும். விடைத்தாள் கட்டைக் குனிந்து தூக்கும்போது சிலருக்கு இது தொடங்கும். கேட்டால் அச்சமாக இருக்கும். ஆனால் பெரும்பாலானோருக்குச் சில வாரங்கள் முதல் சில மாதங்களுக்குள் அறுவை இல்லாமலே குறைந்துவிடுகிறது. பிதுங்கிய பகுதி தானாகவே சுருங்குவதும் உண்டு. படுத்தே கிடக்காமல் இயன்றவரை நடமாடுவதும் இயன்முறை மருத்துவப் பயிற்சியும் உதவும். அப்படியும் தாங்க முடியாத கால்வலி நீடித்தால், சிறு துளை வழியே நுண்ணோக்கி அல்லது எண்டோஸ்கோப் கொண்டு பிதுங்கலை அகற்றலாம்.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகளும் உள்ளன. கால் பலமிழப்பது, மர்மஉறுப்பைச் சுற்றி மரத்துப்போவது, சிறுநீர், மலம் கட்டுப்பாடு இழப்பது ஆகியவை தெரிந்தால் அது அவசர நிலை.

முழங்கால்: துளையிட்டுக் கழுவினால் போதுமா?

மூட்டுத் தேய்மானத்துக்கு முழங்காலில் துளையிட்டு உள்ளே கழுவிச் சுத்தம் செய்யும் சிகிச்சை ஒரு காலத்தில் மிகப் பரவலாக இருந்தது. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் 180 பேரிடம் நடந்த ஆய்வு 2002இல் வெளியானது. சிலருக்கு உண்மையான சிகிச்சை செய்தார்கள். சிலருக்குத் தோலை மட்டும் கீறித் தைத்தார்கள். இரண்டு ஆண்டுகள் கவனித்தும், சிகிச்சை பெற்றவர்கள் பெறாதவர்களைவிட மேலான பலன் காணவில்லை. தேய்மான வலிக்குத் தொடைத் தசையை வலுப்படுத்தும் பயிற்சியும் எடைக் குறைப்பும்தான் அடிப்படை. தேய்மானம் முற்றியவர்களுக்கு மூட்டு மாற்று அறுவை உண்டு. சவ்வு கிழிந்து மூட்டு பூட்டிக்கொண்டவர்களுக்கு நுண்துளை அறுவை தேவைப்படலாம்.

ஆக, துளை சிறியதா பெரியதா என்பதைவிட, அந்தத் துளை நமக்குத் தேவையா என்பதே முதல் கேள்வி. மருத்துவரிடம் மூன்றைக் கேளுங்கள்: என் நோயின் பெயர் என்ன? மூன்று மாதம் பயிற்சி செய்து பார்த்தால் என்ன ஆகும்? இந்தச் சிகிச்சையால் எது குறையும், எது குறையாது?

அருகில் உள்ள வழிகள்

பெங்களூருக்குப் பேருந்து ஏறும் முன், கிருஷ்ணகிரியை அடுத்த போலுப்பள்ளியில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டலாம். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான் தொடங்கப்பட்டது. வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருவதும் அதில் அடங்கும். தனியார் மருத்துவமனை என்றால், நமது மருத்துவக் காப்பீட்டில் அந்த மருத்துவமனையும் அந்தச் சிகிச்சையும் உள்ளனவா என்று சேரும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

வகுப்பறையில் செய்யக்கூடியவை

நம் மாணவர்களின் பெற்றோர் பலர் ஓசூர், பர்கூர்ப் பகுதித் தொழிற்சாலைகளிலும் துணிக்கடைகளிலும் நின்றே வேலை செய்கிறார்கள். நின்று வேலை செய்வோருக்கு, வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார ஏற்ற இருக்கை தர வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 44ஆம் பிரிவு சொன்னது. கடைப் பணியாளர்களுக்கும் இருக்கையைக் கட்டாயமாக்கித் தமிழ்நாடு அரசு 2021இல் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. வகுப்பில் நாற்காலியில் அமர்ந்து கதை சொல்வதையோ, சிறிது நேரம் உட்கார்ந்து ஏடு திருத்துவதையோ சோம்பலாகக் கருத வேண்டியதில்லை.

பத்தாம் வகுப்பில் சுற்றோட்டப் பாடம் நடத்தும்போது குதிகாலை உயர்த்தி இறக்கும் பயிற்சியை மாணவர்களோடு சேர்ந்து இருபது முறை செய்கிறேன். கெண்டைக்கால் இறுகித் தளர்வதைக் கை வைத்துப் பார்க்கச் சொல்கிறேன். ‘இதை வீட்டில் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் சொல்லிக் கொடுங்கள்’ என்பதுதான் அன்றைய வீட்டுப்பாடம். நீங்களும் உங்கள் வகுப்பில் செய்து பாருங்கள். பாடமும் புரியும், நம் கால்களுக்கும் நல்லது.